மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா?

திருவானைக்காவலில் நாலுகால் மண்டபத்தைத் தாண்டிச் சற்று நடந்தால் எங்கள் தெரு. அங்கே எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றின் வாசலில் விடியுமுன்பே மாக்கோலம் விழுந்திருக்கும். மற்றொன்றின் நிலைப்படிக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை. கோலம் போட்ட வீட்டில் இருப்பவர் மாமி. சிலுவை வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. "பத்திரிகையிலே எங்கள் பெயரைப் போட்டு விடாதே!" என்று இருவரும் எனக்குக் கண்டிப்பாக உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆகையால் மாமி, டீச்சர் என்றே வைத்துக் கொள்வோம்.

முப்பது வருஷத்துச் சிநேகிதம். ஆடிப்பெருக்கன்று மாமி வீட்டுத் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சம்பழச் சாதமும் எதிர்வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும். முட்டை போடாத கேக் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இத்தனை வருஷத்தில் மதத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை தர்க்கம் செய்து நான் கேட்டதில்லை.

போன அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாள். ஜம்புகேசுவரர் கோயிலில் உச்சிக்கால பூஜை முடிந்து ஜனங்கள் திரும்பிக் கொண்டிருந்த நேரம். டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பையில் சாமான்களை எடுத்து வைத்துக் கொண்டிருந்தார். சுண்ணாம்பு அடிக்க ஒரு மட்டை, ஒரு கொத்து மெழுகுவத்தி, ஊதுவத்தி, ஒரு பழந்துணி. நவம்பர் 2-ஆம் தேதி கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். டீச்சரின் கணவர் காலமாகி ஆறு வருஷங்கள் ஆகின்றன.

மாமி சற்று நேரம் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்கப்படாது" என்றார். "உங்காத்துக்காரரை மறுபடியும் பார்ப்பேன்னு சொல்றேளே, பார்த்தா அடையாளம் தெரியுமா?"

வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. மாமிக்கு ஒரே பிள்ளை. பிஷப் ஹீபர் காலேஜில் படித்துத் தேறி, உத்தியோகத்தில் அமர்ந்து, இருபத்து நாலாவது வயதில் ஒரு சாலை விபத்தில் போய் விட்டான். அவன் அஸ்தியை அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவேரியில்தான் கரைத்தார்கள். "அவன் இப்போ எங்கே யாருக்குப் பிள்ளையாப் பிறந்திருக்கானோ! எதிரே வந்து நின்னாலும் எனக்குத் தெரியாது, அவனுக்கும் என்னைத் தெரியாது" என்று மாமி ஒரு முறை என்னிடம் சொன்னதுண்டு.

டீச்சர் பையைக் கீழே வைத்தார். "தெரியும் மாமி. தெரியும் என்பதுதான் எங்கள் விசுவாசமே" என்றார்.

அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் எவ்வளவு விஷயங்கள் இருக்கின்றன என்பதை அன்றிலிருந்துதான் நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

சட்டையா, ஆளா?

திருவானைக்காவல்காரர்களுக்கு மறுபிறவியைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் ஸ்தல புராணமே அதுதான். வெண்ணாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது. அது அசுத்தம் என்று எண்ணி யானை வலையைப் பிய்த்து எறிந்து, துதிக்கையால் நீர் கொண்டு வந்து அபிஷேகம் செய்தது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்தியே பிற்பாடு கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக் கோயில்களைக் கட்டியது என்பது ஐதிகம். சிலந்தியின் உடம்பு போயிற்று. உயிர் இன்னோர் உடம்பை எடுத்துக் கொண்டது. உடம்பு நைந்தால் கழற்றிப் போடும் சட்டை மாதிரி என்று நம் வீடுகளில் சிறு குழந்தைகூடச் சொல்லும்.

கிறிஸ்தவர்களின் நம்பிக்கையோ வேறு. செத்தபின் ஆத்மா மோட்சத்துக்குப் போகிறது, அத்துடன் கதை முடிந்தது என்றுதான் அவர்களும் எண்ணுகிறார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது பாதிதான். ஞாயிறுதோறும் கோயிலில் எழுந்து நின்று அவர்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்பதும் ஓர் அம்சம். உலகத்தின் முடிவில், இறந்தவர்கள் வெறும் ஆத்மாக்களாக அல்ல, உடலோடு எழுப்பப்படுவார்கள் என்பது அதன் பொருள்.

"எங்களுக்கு உடம்பு சட்டை இல்லை மாமி. அதுவும் அவர்தான்" என்றார் டீச்சர். "வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு கனைப்புக் கனைப்பாரே, அது ஆத்மா மட்டும் கனைத்ததா? காய்ச்சல் வந்தால் என் நெற்றியில் வைத்த கை அவர் கைதானே? அந்தக் கை இல்லாமல் ஒருவர் வந்து நான்தான் என்றால், நான் என்ன செய்வேன்?"

கேட்டுக் கொண்டிருந்த எனக்குச் சொரேல் என்றது. தத்துவம் என்று நாம் ஒதுக்கி வைக்கிற விஷயம், ஒரு கையைப் பற்றிய ஏக்கத்தில் அல்லவா வந்து நிற்கிறது!

முதலில் பார்த்தது ஒரு பெண்

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், கிறிஸ்தவர்கள் ஒரே ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவார்கள். ஏசுநாதரைச் சிலுவையில் அறைந்து கொன்று கல்லறையில் வைத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் சில பெண்கள் பரிமளத் தைலங்களை எடுத்துக் கொண்டு அங்கே போனார்கள். இறந்தவரின் உடலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் போனார்களே தவிர, அதிசயத்தை எதிர்பார்த்துப் போகவில்லை. கல்லறை திறந்து கிடந்தது. உள்ளே உடல் இல்லை.

மகதலா மரியாள் வெளியே நின்று அழுது கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் அடையாளம் தெரிந்து விட்டது! மாமியின் கேள்வியை நினைத்துப் பாருங்கள். முதலில் அடையாளம் தெரியத்தான் இல்லை. குரல் கேட்டதும் தெரிந்தது.

உயிர்த்தெழுந்தவர் பூட்டிய அறைக்குள் வந்தார் என்று சுவிசேஷம் சொல்கிறது. ஆகவே அது பழைய உடம்பு மாதிரியும் இல்லை. ஆனால், சுட்ட மீனை வாங்கிச் சாப்பிட்டார். ஆகவே ஆவியும் இல்லை. எல்லாவற்றையும்விட ஒரு விஷயம் மனத்தைத் தொடுகிறது. ஆணி அடித்த தழும்புகள் மறையவில்லை. அந்தத் தழும்பைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்த சீடர் தோமையார். அவர் நம் மயிலாப்பூருக்கு வந்து உயிர் துறந்தார் என்பதும், சாந்தோம் ஆலயம் அவர் சமாதியின் மேல் எழுந்தது என்பதும் நெடுங்காலத்து மரபு. சந்தேகப்பட்டவரை நம் ஊர் பத்திரமாக வைத்துக் கொண்டிருக்கிறது!

விதை நெல்

"மண்ணோடு மண்ணாகப் போன உடம்பு எப்படி எழுந்து வரும்?" இந்தக் கேள்வி இன்று நேற்றுக் கேட்கப்பட்டதல்ல. பவுல் என்ற அப்போஸ்தலர் ஏதென்ஸ் நகரத்தில் இதைச் சொன்னபோது, கிரேக்கப் பண்டிதர்களில் சிலர் சிரித்தே விட்டார்கள். உடம்பு ஆத்மாவுக்குச் சிறைச்சாலை என்பது அவர்களில் பலருடைய கொள்கை. சிறையிலிருந்து விடுதலை பெற்றவன் மறுபடி எதற்கு அங்கே திரும்புவான்?

கத்தோலிக்கர்கள் அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் என்று கூறி வந்த அதே பவுல், கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதற்கு ஓர் உவமை சொன்னார். விதைப்பது ஒரு மணி. முளைத்து வருவது வெறும் மணி அல்ல, பயிர். ஆனால் அந்த மணியிலிருந்துதான் அது வந்தது. அழிவுள்ளதாக விதைக்கப்படுகிற உடல், அழிவில்லாததாக எழும் என்றார்.

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமாக எதைச் சொல்வது? விதை நெல்லைத் தெரியாதவர் இங்கே யார்? எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதை நெல்லைக் குத்திச் சாப்பிடாத குடும்பங்கள் இருந்த பூமி இது. நாற்றங்காலில் அந்த மணி உருத் தெரியாமல் போய்விடும். தைமாதம் களத்துமேட்டில் நிற்பவன், "நான் விதைத்த மணி எங்கே?" என்று தேடுவதில்லை.

நித்திரை

சுவரொட்டிகளிலும் பத்திரிகைகளிலும் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களின் மரண அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருக்கும். இது நாசூக்குக்காகச் சொல்லும் சொல் அல்ல. 'செமிட்டெரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே, கிரேக்க மூலத்தில், தூங்கும் இடம் என்றுதான் அர்த்தம். தூங்குகிறவர் என்றால் எழுந்திருக்க வேண்டும் அல்லவா? கால் கிழக்கே இருக்கும்படி அடக்கம் செய்வதும் பழைய கிறிஸ்தவ வழக்கம். எழுந்து உட்கார்ந்தால் முகம் உதயத்தைப் பார்க்கும்!

இறந்த நாளுக்கும் எழும் நாளுக்கும் இடையில் ஆத்மா எங்கே இருக்கிறது? இங்கே சபைகளுக்குள் வித்தியாசம் உண்டு. கத்தோலிக்கர்கள், குறைகள் நீங்கிச் சுத்தமாகும் நிலை ஒன்று இருக்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு நம் ஜெபம் உதவும் என்கிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் என்று அதற்குப் பெயர். கல்லறைத் திருநாள் பூசை அவர்களுக்காகத்தான். புராட்டஸ்டண்டுகள் இதை ஏற்பதில்லை; விசுவாசிகள் கிறிஸ்துவிடம் இளைப்பாறுகிறார்கள் என்கிறார்கள். ஆனால் முடிவில் உடலோடு எழுவது என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

ஆற்றில் கரைத்தால்?

மாமிக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அதை டீச்சரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "புதைச்சாத்தான் எழுந்திருக்க முடியுமா? எரிச்சு ஆத்திலே கரைச்சவாளுக்கு?"

பழைய சரித்திரத்தில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. கி.பி. 177-ஆம் ஆண்டில், இன்றைய பிரான்ஸ் தேசத்திலுள்ள லியோன் நகரத்தில், கிறிஸ்தவர்கள் பலரைக் கொன்றார்கள். இவர்கள் உயிர்த்தெழுவோம் என்று சொல்லித் திரிகிறார்களே, அதையும் பார்த்து விடலாம் என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் தள்ளினார்கள். கிறிஸ்தவர்கள் அதனால் நம்பிக்கை இழந்து விடவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கிய கடவுளுக்கு ஒரு நதியிலிருந்து மீட்பதா பெரிது என்பது அவர்கள் எண்ணம்.

இருந்தாலும் புதைப்பதே வழக்கமாக நிலைத்தது. 1886-இல் ரோமாபுரித் திருச்சபை தகனத்தைத் தடை செய்தது. உயிர்த்தெழுதலை மறுத்துக் காட்டவே சிலர் அதைச் செய்தார்கள் என்பது காரணம். 1963-இல் அந்தத் தடை தளர்ந்தது. 2016-இல் வெளியிட்ட அறிவுரையில், தகனம் செய்யலாம், ஆனால் அஸ்தியைத் தூவவோ கரைக்கவோ வீட்டில் வைத்துக் கொள்ளவோ கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. கரைத்தால் கடவுளுக்குக் கஷ்டம் என்பதற்காக அல்ல; உடல் மதிப்புக்குரியது, இறந்தவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக.

அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதை நாடே ஒரு முறை பார்த்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு கிறிஸ்தவ டாக்டரை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. குடும்பத்தார் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சக டாக்டர் ஒருவர் இரண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களுடன் இரவோடு இரவாக மண்ணைத் தள்ளி மூடினார். தங்கள் சமயக் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி மறுபடி அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டு அந்த டாக்டரின் மனைவி ஹைகோர்ட்டு வரை போனார். போன உயிர் திரும்பாது என்று தெரிந்தும் ஏன் போனார் என்று டீச்சரைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

ஹீபர் யார்?

நவம்பர் 2-ஆம் தேதி மத்தியானம். டீச்சர் புறப்பட்டபோது, "நானும் வரேன்" என்று மாமி கிளம்பி விட்டார்! "வந்தா தலைக்கு ஸ்நானம் பண்ணணும், அவ்வளவுதானே? காவேரி எங்கே ஓடிப் போறது?" என்றார். ஆட்டோவில் ஏறியதும் இன்னொரு விண்ணப்பம். "என் பிள்ளை காலேஜுக்குப் பெயர் வச்சிருக்காளே, அந்த ஹீபர் இந்த ஊரிலேதான் செத்துப் போனாராமே? அந்த இடத்தையும் பார்க்கணும்."

ஆகவே கண்டோன்மென்டில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்துக்கு முதலில் போனோம். பிஷப் ஹீபர் பெயரைத் திருச்சியில் சொல்லாத வாய் கிடையாது. ஸ்கூல் என்றும் காலேஜ் என்றும் தினம் சொல்லுகிறோம். மனிதரைத்தான் மறந்து விட்டோம்.

ரெஜினால்ட் ஹீபர் 1783-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கவிஞர். அவருடைய கீதங்களை இன்றும் உலகமெங்கும் பாடுகிறார்கள். 1818-இல் முதல் குழந்தையைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தில் அடக்க வேளைக்கான ஒரு கீதம் எழுதினார். 1823-இல் கல்கத்தாவின் பிஷப்பாக வந்தார். மனைவி அமேலியாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வங்காளத்தில் விட்டுவிட்டுத் தென்னாட்டுக்குச் சுற்றுப் பயணம் வந்தார்.

1826 மார்ச் 26-ஆம் தேதி ஈஸ்டர். அன்று அவர் தஞ்சாவூரில் இருந்தார். செத்தவர் எழுந்தார் என்ற செய்தியை அந்தத் திருநாளில் பிரசங்கித்தார். தமிழர்களுக்குத் தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். ஏப்ரல் முதல் தேதி திருச்சிக்கு வந்தார். 2-ஆம் தேதி ஞாயிறு இதே செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் ஆராதனை. 3-ஆம் தேதி காலை கோட்டைக்குள், ஸ்வார்ட்ஸ் ஐயர் 1766-இல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபையாரைப் பார்த்துவிட்டுத் தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பினார். வெயிலில் வந்த களைப்புத் தீரக் குளிக்கப் போனார். நெடுநேரமாகியும் வரவில்லையே என்று வேலைக்காரன் போய்ப் பார்த்தபோது, தண்ணீரில் உயிரற்றுக் கிடந்தார். குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கியதே காரணம் என்று அக்காலத்து வைத்தியர்கள் கருதினார்கள். நாற்பத்து மூன்று வயது நிறையவில்லை.

ஈஸ்டர் கழிந்து எட்டாவது நாள்! முதல் நாள் ஆராதனை நடத்திய ஆலயத்துக்குள்ளேயே, பீடத்தின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.

தந்தி இல்லாத காலம். கல்கத்தாவுக்குச் செய்தி போய்ச் சேரும் வரையில், அமேலியா அவரை உயிரோடு இருப்பவராகவே நினைத்துக் கொண்டிருந்திருப்பாள். பிறகு அவள் இடிந்து உட்கார்ந்து விடவில்லை. கணவருடைய கீதங்களை 1827-இலும், பிரயாணக் குறிப்புகளை 1828-இலும், வாழ்க்கை வரலாற்றை 1830-இலும் வெளியிட்டாள். இன்று ஹீபரைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும் பகுதி அந்த மனைவி பாதுகாத்துத் தந்தது.

மாமி வெகுநேரம் அந்தத் தரையைப் பார்த்துக் கொண்டு நின்றார். "பாவம், அவளாலே கடைசி முகத்தைக்கூடப் பார்க்க முடியலே" என்றார். அவர் யாரை நினைத்துக் கொண்டு அதைச் சொன்னார் என்பது டீச்சருக்கும் எனக்கும் தெரியும்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வாசலில் சாமந்தியும் கோழிக்கொண்டையும் குவியல் குவியலாக விற்றுக் கொண்டிருந்தார்கள். உள்ளே திருவிழாக் கூட்டம். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள்; அவற்றைச் சுற்றிக் குடும்பங்கள். ஒரு பாட்டி, பேரன் விரும்பித் தின்ற பிஸ்கெட்டைக் கல்லறையின் மேல் வைத்துவிட்டு அழுதாள். பாதிரியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக் கொண்டு வந்தார்.

டீச்சர் பழந்துணியால் கணவரின் பெயர்க் கல்லைத் துடைத்தார். தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். கண்ணீர் வழிந்தது.

"பார்ப்போம்னு அவ்வளவு நிச்சயமாச் சொல்றேள், அப்புறம் ஏன் அழறேள்?" என்றார் மாமி, மெதுவாக.

"லாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், அவன் கல்லறைக்குப் போகிற வழியில் ஏசுவே அழுதாரே மாமி" என்றார் டீச்சர். "நம்பிக்கை இருந்தால் அழக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சில நாள் நிச்சயமாகத் தெரிகிறது. சில நாள் ஒன்றும் தெரிவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் சேர்ந்து எழுந்து நின்று சொல்லுகிறோமோ என்னவோ! என் குரல் எழும்பாத அன்று பக்கத்தில் நிற்பவர் குரல் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடும்."

மாமி பதில் பேசவில்லை. தாம் வாங்கி வந்திருந்த முழம் மல்லிகையைக் கல்லறையின் மேல் வைத்தார். டீச்சர் தமது கொத்திலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து நீட்டினார். மாமி சற்றுத் தயங்கி, அதையும் ஏற்றி, முதல் மெழுகுவத்திக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். காற்று அணைத்து விடாமல் இருவர் கையும் அதைச் சுற்றி வளைத்துக் கொண்டன.

புறப்படும்போதுதான் மாமி வாய் திறந்தார்.

"வர தை அமாவாசைக்கு நீங்களும் என்னோட அம்மா மண்டபத்துக்கு வரணும், டீச்சர்."

"வருகிறேன், மாமி."

"இன்னொண்ணு. உங்காத்துக்காரரை நீங்க பார்க்கிறச்சே..." மாமியின் குரல் கம்மியது. "என் பிள்ளையையும் கொஞ்சம் விசாரிக்கச் சொல்லுங்கோ. அவருக்கு அவனை நன்னா அடையாளம் தெரியும்."